ஒரு நூல் தள்ளிப் போட்ட துளை

சாமி, இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் மனைவியிடம்கூட வேண்டாம். உன் தாத்தா உயிரோடு இருந்தால் அவர் கண்ணில் படவே கூடாது. படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடு. ஆனால் படித்ததை மறக்காதே. நீ மறந்துவிட்டால் நான் இதை எழுதியதற்குப் பயன் இல்லை.

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குப் பதினாறு வயது, பதினோராம் வகுப்புப் படிக்கிறேன். உன் அப்பா யார் என்று எனக்குத் தெரியாது. என் மாமாவின் மகன் இல்லை என்பது மட்டும் போன தையிலிருந்து தெரியும். என்றோ ஒருநாள் நீ பிறந்து, வளர்ந்து, வேலைக்கோ கல்யாணத்துக்கோ என்னை விட்டுப் புறப்படுவாய். அன்றைக்கு இதை உன் கையில் கொடுப்பேன். அப்போதே எழுதிக்கொள்ளலாமே என்று நீ நினைக்கலாம். அதற்குள் என் மனம் ஆறிவிடும் என்ற பயத்தில்தான் இப்போதே எழுதுகிறேன். பிள்ளை பெற்ற பெண்களுக்கு மனம் ஆறிவிடுகிறது. என் அம்மாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நான் உன்னிடம் ஆறாத மனத்தோடு பேச வேண்டும்.

ராசிபுரம் ரோட்டில் என் மாமாவுக்கு ஒரு சேகோ பேக்டரி இருக்கிறது. குச்சிக் கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்துப் பால் எடுத்து, மாவைப் படியவைத்து, ஜவ்வரிசி செய்கிற இடம். மாமா என்றால் அம்மாவின் கூடப் பிறந்த அண்ணன். என் அப்பா அங்கே மிஷின்களைப் பூட்டிப் பழுது பார்க்கிற பிட்டர். பேக்டரிக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. எங்களுடையது என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். வீடும் மாமாவுடையதுதான். அவர் ஒரு வார்த்தை சொன்னால் பாத்திரம் பண்டத்தோடு நாங்கள் ரோட்டில் நிற்க வேண்டும். நான் எதற்குப் பயப்படுகிறேன் என்று நீ தெரிந்துகொள்ளத்தான் இதைச் சொல்கிறேன்.

ஈர மாவை மணியாக உருட்டுவதுதான் இந்தத் தொழிலில் கடினமான வேலை. முன்பெல்லாம் இரண்டு ஆட்கள் ஒரு துணித் தூளியின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு, மாவை அதில் போட்டு ஆட்டுவார்கள். ஒரு பொழுது ஆட்டினால் மறுநாள் தோளைத் தூக்க முடியாது. அப்பா அதற்கு ஒரு மிஷின் செய்தார். இரண்டு வருஷம் செய்தார். அம்மா முறத்தில் புடைக்கும்போது பக்கத்தில் குந்திக்கொண்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். முறம் பக்கவாட்டில் மட்டும் போவதில்லை, ஒவ்வொரு வீச்சிலும் கொஞ்சம் மேலே எழும்புகிறது என்று கண்டுபிடித்தார். சங்ககிரியில் லாரி பிரிக்கும் இடத்திலிருந்து ஒரு சக்கரம் வாங்கி வந்தார். அதன் துளையை நடுவில் போடாமல் கொஞ்சம் தள்ளிப் போட்டார். சக்கரம் சுற்றும்போது மேலே தொங்கும் தட்டு அம்மாவின் முறம் போலவே அசைந்தது. மாவு மணி மணியாகத் திரண்டது.

எவ்வளவு தள்ளி என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அப்பா அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒரு பங்கை ஒரு நூல் என்பார். பட்டறைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு நூல் தள்ளி வைத்தார், மாவு சும்மா கிடந்தது. மூன்று நூல் வைத்தார், மணி உடைந்து தெறித்தது, தட்டைத் தாங்கும் பட்டை முறிந்து அவர் மணிக்கட்டில் அடித்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. இரண்டு நூல் என்று அவருக்குத் தெரியவந்த அன்றைக்கு வீட்டில் சோறு ஆறிப்போய்க் கிடந்தது. அப்பா எதையும் தாளில் எழுதவில்லை. பிட்டர்கள் எழுதுவதில்லை. கையில் இருப்பது கையிலேயே இருக்கும்.

அதற்கு அடுத்த வருஷம், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஒரு இன்ஜினியரிங் காலேஜிலிருந்து ஒரு சார் வந்தார். காலேஜும் பேக்டரிகளும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், பேக்டரியில் இருக்கும் கஷ்டத்தைக் காலேஜ் படித்துப் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்று அவர்களுக்கு மேலிடத்திலிருந்து சொல்லியிருந்தார்களாம். சார் நல்லவர், சாமி. அதை நான் எழுதாவிட்டால் பொய்யாகிவிடும். செருப்பைக் கழற்றிவிட்டு மாவுத் தொட்டிக்குள் இறங்கியவர் அவர். மிஷினின் வேகத்தை எண்ணினார், மாவில் எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும் என்று நிறுத்துப் பார்த்தார், ஒரு தட்டுக்குப் பதிலாக இரண்டு தட்டை ஒரே மோட்டாரில் ஓட்ட வழி சொன்னார். அப்பாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தான் கையால் கண்டதை இன்னொருவர் கணக்கால் காண்கிறார் என்று வீட்டுக்கு வந்து திரும்பத் திரும்பச் சொன்னார். ஒருநாள் சாரை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்து அம்மாவைப் புடைக்கச் சொன்னார். சார் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு வீச்சுகளை எண்ண ஆரம்பித்தார்.

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "ஏனுங்க சாரு, நான் பொடைக்கறதுக்கு மணி பாக்கறீங்களே, சம்பளம் போட்டுக் குடுப்பீங்களா?"

"காலேஜ்ல உங்களுக்கு ஒரு நாற்காலியே போட்டுடலாம்மா" என்றார் சார்.

"நாற்காலில ஒக்காந்துட்டு எப்படீங்க பொடைக்கறது? எந்திரிச்சுப் போங்க அக்கட்ட, ஒமி மேல படுது."

அப்பா சிரித்த சிரிப்பை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. இரண்டு பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்வது எவ்வளவு அழகு என்று அன்றைக்குத் தெரிந்தது. ஆகையால் நீ பெரியவனாகிக் காலேஜையும் பேக்டரியையும் ஒன்றாக வெறுக்காதே. அவை சேர வேண்டியவைதான். அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்து பெயரைத் திருடுகிறவனை வெறு. அவனை ஒழுங்காக, விடாமல் வெறு.

ஒப்பந்தம் போடும் நாள் நெருங்கியது. காலேஜ் பட்டறையில் அதே மிஷினைப் புதிதாக நல்ல இரும்பில் செய்வார்கள், மாமா இடமும் மாவும் ஆளும் கொடுப்பார், சரியாக ஓடினால் ஜில்லாவில் உள்ள மற்ற சேகோ பேக்டரிகளுக்கும் அது போகும். ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போட இரண்டே இடம், காலேஜுக்கு ஒன்று, பேக்டரிக்கு ஒன்று. செய்தவனுக்கு அதில் இடம் இல்லை. ஆனால் மிஷினின் படத்தில், கீழே வலது மூலையில், ஒரு கட்டம் இருந்தது. வடிவமைத்தவர் என்று போட்டிருந்தது. மிஷின் மேல் அடிக்கும் பித்தளைத் தகட்டிலும் அந்தப் பெயர்தான் வரும் என்று சார் சொன்னார்.

அன்று மாலை மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். காப்பியைக் குடித்துவிட்டு அப்பாவின் தோளில் கை போட்டார். பேக்டரியில் அவர் அப்பாவைப் பிட்டர் என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு வேறு மாதிரி பேசினார்.

"எம் பேர்ல இருந்தா என்ன மாப்ள, உம் பேர்ல இருந்தா என்ன? மொதலாளி பேருன்னாத்தே வெளிய மதிப்பான். நாளைக்கு உம் புள்ள எங்கூட்டு மருமவ. பொறவு பேரன்னு ஒருத்தன் வருவானல்ல, அவன் எனக்கு மட்டுமா பேரன்? தகட்டுல இருக்கற பேரு அவனுக்குத்தானே வந்து சேரும்? எங்க போயிருது?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், முகமெல்லாம் வெளிச்சம். தாய்மாமன் மகனுக்கு நான் முறைப்பெண். நான் தொட்டிலில் கிடக்கும்போதே சொல்லி வைத்த பேச்சு. "அதுக்கென்னங்க மச்சான், நீங்க சொன்னாச் சரீங்க" என்றார் அப்பா. அவ்வளவுதான். இரண்டு வருஷ வேலையை ஒரு காப்பி குடிக்கும் நேரத்தில் கொடுத்துவிட்டார். எங்கள் பக்கத்து ஆட்கள் மட்டுமே செய்கிற முட்டாள்தனம் இது. வெளியாளிடம் ஒரு கடப்பாரையைக் கொடுத்தால்கூடச் சாட்சி வைத்துக்கொள்வார்கள். சம்பந்தக்காரனிடம் உயிரையே எடுத்துக் கொடுத்துவிட்டு வெற்றிலை போடுவார்கள்.

அந்தப் பேரன் என்று சொன்னது உன்னைத்தான், சாமி. பிறக்காத உன்னைக் காட்டித்தான் எங்களிடமிருந்து அதை வாங்கினார்கள். இந்தக் கடிதத்தை வேறு யாருக்கும் எழுதாமல் உனக்கு எழுதுவது அதனால்தான்.

இனி என் தப்பைச் சொல்கிறேன். அந்தப் படத்தை வரைந்தவள் நான். அப்பா வாயால் சொல்லச் சொல்ல நான் நோட்டில் போட்டுக் காட்டியதைச் சார் பார்த்துவிட்டு, பெரிய தாளும் நல்ல பென்சிலும் வாங்கிக் கொடுத்து என்னையே வரையச் சொல்லியிருந்தார். ஒன்பது நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உட்கார்ந்துவிடுவேன். நூல் கணக்கை மில்லிமீட்டராக மாற்றியதும் நான்தான். இரண்டு நூல் என்றால் ஆறேகாலுக்குக் கொஞ்சம் மேல். முடித்துக் கொடுக்கும்போது மூலைக் கட்டம் காலியாக இருந்தது. சார் என்னைக் கேட்டார், "இதுல யார் பேரும்மா எழுதணும்? நிஜமா யோசிச்சது யாரு? அப்பாவா?"

அவர் கேட்டார், சாமி. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார். அப்பா வெளியே குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "இல்லீங்க சார், மாமாங்க" என்றேன். என் மிக அழகான எழுத்தில் மாமாவின் பெயரை எழுதினேன். பெரியவர்கள் சொன்னதால் எழுதினேன் என்று உன்னிடம் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அது உண்மை இல்லை. அந்தப் பெயருக்குச் சொந்தமான பெரிய வீட்டுக்கு நான் போகப் போகிறேன் என்ற கர்வத்தில் எழுதினேன். அதற்கு முந்தின நாள் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரைப் பென்சிலில் எழுதிப் பார்த்து, ரப்பரால் அழித்தேன். மாமா மகனை எனக்குப் பிடிக்குமா என்றுகூட நான் யோசித்ததில்லை. அந்த மாடி வீட்டைப் பிடித்திருந்தது.

ஒப்பந்தம் கையெழுத்தான நான்காம் மாதம், ஆத்தூர்ப் பக்கம் இரண்டு பேக்டரி வைத்திருப்பவர் வீட்டில் மாமா மகனுக்குப் பெண் பேசி முடித்தார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. களத்தில் ஜவ்வரிசி காயவைக்கும் பெண்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு அம்மா ஓடினாள். நானும் பின்னால் போனேன். அத்தை ஊஞ்சலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"முறை இருக்குதுன்னு சொல்லிட்டுப் பிட்டரு ஊட்டுல போயி யாராச்சும் சம்பந்தம் பண்ணுவாங்களா? நீயே சொல்லு" என்றாள். "சம்பந்தின்னு சொல்லி நாலு பேரு முன்னால ஒக்காத்தி வெச்சா, கையில கிரீஸு வாசம் அடிக்குமே. புள்ள படிக்கறாளல்ல, படிக்கட்டும். டீச்சரு வேலைக்குப் போகட்டும்."

முறைப்பெண்ணை விட்டு வெளியே பெண் எடுத்தால் அவளுக்குச் சேலை வைத்துக் கொடுத்து மனம் கோணாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். மறுநாள் தட்டில் ஒரு பட்டுச் சேலை வந்தது. அம்மா அதைக் கத்தரியால் நான்காக வெட்டி அப்பாவின் சாமான் பெட்டியில் போட்டாள். "மிஷினு தொடைக்க ஆகும்" என்றாள். அன்றைக்கு என் அம்மாவைக் கும்பிடலாம் போல இருந்தது. ஆனால் மூன்றாம் நாள் அதே அம்மா கல்யாண வேலைக்கு முறுக்குச் சுடப் போய்விட்டாள். கூடப் பிறந்தவன் என்றாள். நாளைக்கு நாலு நல்லது கெட்டது இருக்கிறது என்றாள். அப்பாவும் எப்போதும் போல வேலைக்குப் போனார். வீட்டில்கூட மாமாவை மொதலாளி என்று சொல்ல ஆரம்பித்தார். ஒரு தட்டுச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போன இரவுகள் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு கெட்ட வார்த்தை அவர் வாயில் வரவில்லை. அவர் சொல்லாத வார்த்தையெல்லாம் எனக்குள் வந்து சேர்ந்துவிட்டது.

அந்த வாரத்தில்தான் சாரிடமிருந்து வெள்ளைத் தாளும் ஒரு சீட்டும் வந்தன. முதல் படம் பல கை மாறி எண்ணெய் பட்டுக் கிழிந்து எண்களே படிக்க முடியாமல் போய்விட்டது, பட்டறைக்குக் கொடுக்க இன்னொன்று அதே போல வரைந்து அனுப்பும்மா என்று எழுதியிருந்தார். நான் வரைந்தேன். கோடு ஒன்றுகூட மாறவில்லை. ஒரே ஒரு எண்ணை மட்டும் மாற்றினேன். ஆறேகால் இருந்த இடத்தில் ஒன்பதரை போட்டேன். இரண்டு நூல் மூன்று நூல் ஆயிற்று. சார் சரிபார்க்க வழி இல்லை. அந்தத் துளையைப் பார்க்க வேண்டுமானால் பழைய மிஷினைப் பிரிக்க வேண்டும், கிழங்கு வரும் காலத்தில் ஓடுகிற மிஷினைப் பிரிக்க மாமா விடமாட்டார்.

நான் நினைத்தது இதுதான். எல்லோரும் கூடியிருக்கும்போது மிஷின் ஓடும், உதறும், மணி திரளாது. வடிவமைத்தவரே, என்ன தப்பு என்று பாருங்கள் என்று அத்தனை பேரும் மாமா பக்கம் திரும்புவார்கள். எது எங்கே தப்பு என்று யோசித்தவனுக்குத்தான் தெரியும், பெயர் போட்டுக்கொண்டவனுக்குத் தெரியாது. அவர் விழிப்பதை அத்தை பார்க்க வேண்டும், ஆத்தூர்ச் சம்பந்தி பார்க்க வேண்டும். நான் பின்னால் நின்று பார்க்க வேண்டும். இரண்டு மாதமாக இதை நினைத்து நினைத்துத்தான் தூங்கினேன். எனக்கு வெட்கமாக இல்லை.

புது மிஷின் இன்று சாயங்காலம் லாரியில் வந்தது, சாரும் கூடவே வந்து பேக்டரியில் தங்கியிருக்கிறார். நாளைக் காலையில் விழா. காலேஜ் பெரியவர்கள், ஜில்லா அதிகாரிகள், மற்ற பேக்டரிக்காரர்கள் எல்லோரும் வருகிறார்கள். பந்தல் போட்டாகிவிட்டது. அப்பா மிஷினை இறக்கி, போல்ட்டு முடுக்கி நிற்கவைத்துவிட்டு வந்தார். பித்தளைத் தகட்டைத் துடைத்ததும் அவர்தானாம். சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்:

"சுவிட்சு போடறது அதிகாரிங்களாம். மொதலாளி பக்கத்துல மாலையோட நிப்பாரு. மாவு கொட்டறது நாந்தேன். தட்டுக்குக் கிட்டக்க நின்னு கையால பரப்பி உடோணுமல்ல, வேற யாருக்கு வரும்?"

பட்டை முறிந்தால் யார் மேல் அடிக்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை, சாமி. மாமா முகத்தையே நினைத்துக்கொண்டிருந்ததில் அப்பாவின் கையை மறந்துவிட்டேன். பழி வாங்க நினைக்கிறவர்கள் செய்கிற தப்பு இது. பழி வாங்காதே என்று நான் உனக்குச் சொல்லமாட்டேன். யார் மேல் விழும் என்று முதலில் பார்.

அப்பாவிடம் சொல்லிவிடலாம். சொன்னால் இந்த நிமிஷமே எழுந்து போவார். யாருக்கும் தெரியாமல் துளையைச் சரி செய்து, தகட்டை இன்னொரு முறை துடைத்துவிட்டு வருவார். நாளைக்கு மாமாவுக்கு மாலை விழும். சொல்லாவிட்டால் அப்பாவின் கை. கை தப்பினாலும் பூட்டியவன் சரியாகப் பூட்டவில்லை என்று பழி அவர் மேல் வரும், வேலையும் வீடும் போகும். அவர் எனக்கு இரண்டடி தள்ளித்தான் படுத்திருக்கிறார். மூன்று முறை எழுப்பப் போய் மூன்று முறையும் திரும்பி வந்து இதை எழுதுகிறேன். விடிவதற்குள் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொல்வேன். இருட்டில் போய்ச் சரி செய்யக் கூடாது, வெளிச்சத்தில், சார் பார்க்கச் செய்ய வேண்டும் என்று. அப்படி ஒரு சத்தியத்தை அவர் செய்து கொடுப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு…

பேக்டரியில் மோட்டார் சத்தம் கேட்கிறது. இது பழைய மிஷின் இல்லை. பழைய மிஷினின் சத்தம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். புதியதை ஓட்டிப் பார்க்கிறார்கள். சார் கேட்டிருப்பார், விழாவுக்கு முன்னால் ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று. தரை அதிர்கிறது. அலமாரியில் டம்ளர்கள் ஆடுகின்றன. அப்பா அங்கே இல்லை, இங்கே இருக்கிறார், கடவுளே, இங்கேதான் இருக்கிறார். ஏதோ முறிந்த சத்தம். மோட்டார் நின்றுவிட்டது.

யாராவது பக்கத்தில் நின்றிருப்பார்களோ. யாரும் கத்தவில்லை. பேச்சுக் குரல் மட்டும் வருகிறது, இந்தப் பக்கமாக வருகிறது. இரண்டு பேர். ஒரு டார்ச் வெளிச்சம் ஜன்னலில் பட்டுப் போயிற்று. கதவைத் தட்டுகிறார்கள்.

"மாப்ள, மாப்ள! செத்த எந்திரிச்சு வா. பட்டை முறிஞ்சு போச்சு, தட்டு ஒதறுது. சாரு என்னையக் கேக்கறாரு, எனக்கென்ன எழவு தெரியுது?"

மாமா குரல். சாரும் கூட நிற்கிறார், அவர் இருமுவது கேட்கிறது. சொல்லட்டும். இன்னும் சத்தமாகச் சொல்லட்டும், லைன் வீடு முழுக்கக் கேட்கட்டும். மறுபடியும் தட்டுகிறார்கள். அப்பா புரண்டு எழுந்துவிட்டார், துண்டைத் தேடுகிறார். அவருக்கு முன்னால் நான் போய்க் கதவைத் திறக்கப் போகிறேன். நிஜமாக யோசித்தது யார் என்று சார் அன்றைக்குக் கேட்ட கேள்வியை இன்னொரு முறை கேட்டால்…